பூ மட்டும் போதுமா? நல்லா ஓடுற ஆன்லைன் கம்பெனி வேற தொழில்ல இறங்கலாமா?

மல்லிப்பெட்டி
திங்கள், காலை 11:20

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும் செஞ்சுட்டு இருந்தேன். இன்னைக்கு என் சொந்தப் பிரச்சினைக்காக ஒரு இழை ஆரம்பிக்கிறேன். தொழில் பண்றவங்க மனசுல பட்டதை அப்படியே சொல்லுங்க.

நாங்க மதுரை மல்லியை ஆன்லைன்ல விக்கிறோம். அப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல கமிஷன் கடை வச்சிருந்தார். நான் படிப்பை முடிச்சுட்டு 2019ல ஒரு சின்ன வெப்சைட் போட்டேன். சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்குற நம்ம ஊர்க்காரங்களுக்கு வாராவாரம் பூ அனுப்புறது, அவ்வளவுதான். காலையில வர்ற மொக்கை எடுத்து, தெர்மாகோல் பெட்டியில ஐஸ் வச்சு, ராத்திரி பஸ்ல ஏத்தினா விடியக்காலம் அங்க இறங்கிடும். இப்ப ஆப் இருக்கு. பூக் கட்டுற அக்காமாரைச் சேர்க்காம 11 பேர் வேலை பாக்குறோம். கடன் கிடையாது. வெள்ளிக்கிழமையும் முகூர்த்த நாளும் வந்தா மூச்சு விட நேரம் இருக்காது.

மச்சான்தான் பார்ட்னர். "ஜனங்க நம்மளை நம்பி முன்பணமே கட்டுறாங்க. இனி ஏன் பூவோட நிக்கணும்? பூஜை சாமான், காய்கறி, பலசரக்கு, கல்யாண மண்டபம் எல்லாத்தையும் ஒரே ஆப்புக்குள்ள கொண்டு வந்துருவோம்"ங்கிறார். பணம் போட ஒருத்தர் தயாரா இருக்கார். அவரும் "பூ மட்டும்னா எனக்கு வேணாம், எல்லாம் சேர்ந்ததுன்னா வர்றேன்"னு சொல்லிட்டார்.

எனக்கு மனசு ஒப்பல. ஆனா பயந்து சொல்றேனா, யோசிச்சுச் சொல்றேனான்னு எனக்கே பிடிபடல. மார்கழி, தையில பனி இறங்குனா விளைச்சல் படுத்துரும், கிலோ ஆயிரக்கணக்குல போகும். அந்த விலைக்கு வாங்கி வாடிக்கையா வாங்குறவங்களுக்கு அனுப்புனா கையைக் கடிக்கும். 2020 ஊரடங்குல கல்யாணமும் இல்ல, கோயிலும் இல்ல. பறிச்ச பூவைக் குப்பையில கொட்டுனதைக் கண்ணால பாத்தேன். அன்னைக்கு கைவசம் இன்னொரு தொழில் இருந்திருந்தான்னு இப்பவும் தோணும்.

மச்சான் சொல்றது சரியா? அமேசான், கூகுள்னு அவர் பேர் பேரா அடுக்குறப்ப எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

---

கீழமாசிவீதி
திங்கள், மதியம் 1:05

தம்பி, கடன் இல்லாம 11 பேருக்குச் சம்பளம் குடுக்குறீங்க, அதுக்கே முதல்ல வாழ்த்து.

நான் உங்க மச்சான் கட்சி. எங்க தாத்தா கீழமாசி வீதியில வத்தல் மட்டும்தான் வித்தார். ஒரு வருஷம் மழை தப்பி வத்தலே வரல. கடைக்கு வந்த ஆளுங்க பக்கத்துக் கடைக்குப் போனாங்க. அங்க பருப்பும் இருந்துச்சு, புளியும் இருந்துச்சு. மறுவருஷம் நம்மகிட்ட வத்தல் வந்தப்பவும் அவங்க திரும்பி வரல. அதுக்கப்புறம்தான் அப்பா பருப்பு, புளி, எண்ணெய்னு சேர்த்தார். இன்னைக்கு கடை நிக்குதுன்னா அதனாலதான்.

சொமேட்டோவை எடுத்துக்குங்க. 2008ல அது ஹோட்டல் மெனு கார்டைப் படமாப் போடுற வெப்சைட். "மெனு கார்டு நல்லாத்தானே ஓடுது"ன்னு உக்காந்திருந்தா இன்னைக்கு யாருக்கும் பேரே தெரியாது. சாப்பாடு கொண்டு போய்க் குடுத்தாங்க, பிளிங்கிட்டை வாங்கி பலசரக்குல இறங்குனாங்க. 2025 ஏப்ரல்–ஜூன் காலாண்டுல பிளிங்கிட்ல போன சரக்கோட மதிப்பு சாப்பாட்டு ஆர்டரையே தாண்டிருச்சு. கம்பெனி பேரையே எடர்னல்னு மாத்திட்டாங்க. பிழைச்சவன் எல்லாம் மாறுனவன்தான்.

ஒரே பயிரை நம்பி 11 குடும்பம் இருக்கக்கூடாது தம்பி.

---

வடபழஞ்சி_கோடர்
திங்கள், இரவு 9:48

// பிளிங்கிட்டை வாங்கி பலசரக்குல இறங்குனாங்க //

அண்ணே, அந்தக் கதையில நடுவுல ஒரு பக்கம் விட்டுப்போச்சு. 2020 ஊரடங்குல சொமேட்டோ தானே பலசரக்கு விக்கப் பாத்துச்சு, சில மாசத்துல நிறுத்திருச்சு. 2021ல மறுபடி ஆரம்பிச்சு அந்த செப்டம்பர்லயே மூடிருச்சு. வண்டி ஓட்ட ஆள் இருக்கு, ஆப் இருக்கு, ஊர் பூரா பேர் இருக்கு. அப்படியும் ரெண்டு தடவை முடியல. அதுக்கப்புறம்தான் அந்த வேலையே தெரிஞ்ச ஒரு கம்பெனியை 2022ல 4,447 கோடி ரூபாய் மதிப்புக்குப் பங்கு குடுத்து வாங்குனாங்க. 11 பேர் கம்பெனி மூணாவது தடவை முயற்சி பண்ண அந்தப் பணத்துக்கு எங்க போகும்?

மச்சான் கூகுளைச் சொல்றார்ன்னீங்க. அதைப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா நம்ம ஊர்ல எல்லாரும் பெருமையாப் பேசுற ஆள் அதுக்குள்ள இருக்கார். மதுரையில 1972ல பிறந்த சுந்தர் பிச்சை கூகுள்ல மேல வந்தது குரோம் பிரவுசரால. தேடுபொறி நடத்துற கம்பெனிக்கு பிரவுசர் எதுக்கு, இதுதானே வேற தொழில்ல இறங்குறதுன்னு தோணும். ஆனா அப்ப இருந்த நிலைமையைப் பாருங்க. எங்க பாத்தாலும் மைக்ரோசாஃப்டோட எக்ஸ்ப்ளோரர் பிரவுசர்தான். கூகுளுக்குப் போற ஜனம் அந்த வாசல் வழியாத்தான் நுழையணும். 2006ல எக்ஸ்ப்ளோரர் 7 வந்து, வாசலுக்குள்ளயே மைக்ரோசாஃப்டோட சொந்தத் தேடலை வச்சப்ப, கூகுள் கடைக்கு வர்ற பாதையே அடைபடுற நிலைமை. அடுத்தவன் பிரவுசர்லயே கூகுள் தேடலை ஒட்ட வைக்கிற டூல்பாரை வளர்த்தது அதுக்காக, 2008 செப்டம்பர்ல குரோம் வந்ததும் அதுக்காக. 2005ல ஆண்ட்ராய்டை வாங்குனதும் இதே கணக்கு: நாளைக்கு ஜனம் ஃபோன்ல இருந்து தேடும், அந்த வாசல் அடுத்தவன் கையில இருக்கக்கூடாது. வெளியில இருந்து பாத்தா புதுத் தொழில் மாதிரி தெரியும். உள்ள அது பழைய கடையோட நடைபாதையைச் சரி பண்ற வேலை.

அப்படி இல்லாம கிளம்புனது என்ன ஆச்சுன்னும் பாக்கணும். 2019 நவம்பர்ல தொடங்குன ஸ்டேடியா விளையாட்டுச் சேவையை 2023 ஜனவரியில மூடி, வாங்குனவங்களுக்குக் காசைத் திருப்பிக் குடுத்தாங்க. ஃபேஸ்புக் மாதிரி கூகுள் நடத்துன ஆர்குட் ஞாபகம் இருக்கா? என் காலேஜ் நாள் பூரா அதுலதான் கிடந்துச்சு. 2014 செப்டம்பர் 30ல மூடிட்டாங்க. நண்பன் ஒருத்தன் என்னைப் பத்தி அதுல எழுதுன டெஸ்டிமோனியலை எடுத்து வைக்காம விட்டுட்டேன். அவன் இப்ப இல்ல. பெரிய கம்பெனிக்கு அது ஒரு கணக்கை முடிக்கிற வேலை. நம்பி வந்தவனுக்கு அப்படி இல்ல.

இவ்வளவு செஞ்சும் 2023ல கூகுளோட தாய்க் கம்பெனி வருமானத்துல முக்கால்வாசிக்கு மேல விளம்பரம்தான். 2000ல ஆரம்பிச்ச விளம்பரத் தொழில்தான் இன்னும் மத்த எல்லாத்துக்கும் சோறு போடுது.

---

வங்கிக்காரர்_ஓய்வு
செவ்வாய், காலை 6:30

நண்பர்களே, அமெரிக்காவுக்குப் போகுமுன் நம் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையில் தொடங்கிய தொழில், பேருந்தை வைத்து வளர்ந்தது. அவர்கள் பேருந்தோடு நிற்கவில்லை. லாரி வாங்கக் கடன் கொடுக்க 1954இல் சுந்தரம் ஃபைனான்ஸ், வண்டியின் மின்சாதனங்களுக்கு 1961இல் லூகாஸ் டிவிஎஸ், 1962இல் பிரேக்ஸ் இந்தியா, அதே ஆண்டு சுந்தரம் கிளேட்டன் என்று கிளைகள் விட்டன. 1972இல் பேருந்துகள் அரசுடைமை ஆகி, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. அறுபது ஆண்டு நடத்திய தொழில் கையை விட்டுப் போயிற்று. பேருந்தை மட்டும் நம்பியிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். ஆகவே கீழமாசிவீதி நண்பர் சொல்லும் அச்சம் வெறும் அச்சமல்ல, நியாயமானது.

ஆனால் அந்தக் கிளைகளைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் வண்டியைச் சுற்றியே இருந்தது. தினமும் பேருந்தை ஓட்டிப் பழுதுபார்த்தவர்களுக்கு எந்த உதிரிப் பாகம் எத்தனை மைலில் தேயும் என்று தெரியும். அந்த அறிவைத்தான் தொழிலாக்கினார்கள். அதோடு ஒவ்வொன்றுக்கும் தனி முதல், தனி நிர்வாகம்.

நான் முப்பத்தோரு ஆண்டு வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். நல்ல தொழில் நொடித்ததைப் பார்த்த இடங்களில் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். ஓடுகிற தொழிலுக்கு வாங்கிய நடைமுறை மூலதனத்தை எடுத்துப் புதுத் தொழிலில் போடுவார்கள். புதியது லாபம் காட்ட மூன்று வருடம் ஆகும். பழையதற்குச் சரக்கு வாங்கப் பணம் வேண்டியது அடுத்த திங்கட்கிழமை. முதலில் செக் திரும்பும். அப்புறம் சரக்குக்காரர் கடன் தர மறுப்பார். ஆறு மாதத்தில் இரண்டு தொழிலும் போகும். பேரேட்டைப் பார்த்தாலே எந்தத் தேதியில் பணம் திசை மாறியது என்று கைவைத்துச் சொல்லிவிடலாம்.

ஆபத்துக்கு அரண் வேண்டுமென்றால் வேறு வழியும் உண்டு. நௌக்ரி வலைத்தளத்தை 1997இல் தொடங்கிய இன்ஃபோ எட்ஜ், வேலைவாய்ப்பு விளம்பரத்தில் வந்த லாபத்தை வைத்து 2010இல் சொமேட்டோவில் பங்கு வாங்கியது. சொமேட்டோவைத் தானே நடத்தப் போகவில்லை. நடத்துவது வேறு, முதலீடு செய்வது வேறு. மல்லிப்பெட்டி தம்பி லாபத்தில் ஒரு பங்கை மார்கழிக்கென்று தனியாக வைப்புநிதியில் போட்டு வருகிறாரா? அதைச் செய்யாமல் பலசரக்கு ஆரம்பிப்பது எனக்குப் புரியவில்லை.

---

ஓசூர்ரோடு
செவ்வாய், காலை 10:15

நான் திருமங்கலத்துக்காரன். பெங்களூர்ல ஒரு ஆன்லைன் சலவைக் கம்பெனியில நாலு வருஷம் புகார் பிரிவுல இருந்தேன். பேர் வேணாம். துணியை வீட்டுக்கு வந்து எடுத்து, துவைச்சு, தேய்ச்சு, மறுநாள் குடுப்போம். அருமையா ஓடுச்சு. முதலீடு வந்தது. வந்த மறுமாசமே வீடு சுத்தம் பண்றது, கார் கழுவுறது, ஏசி சர்வீஸ் எல்லாம் ஆப்புல ஏறிடுச்சு.

எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மறக்கவே மறக்காது. தேனிக்காரர் ஒருத்தர் ஃபோன்ல அழுவுறார். மகளுக்கு மறுநாள் நிச்சயதார்த்தம், அவரோட பட்டு வேட்டி எங்ககிட்ட இருக்கு. தேடிப் பாத்தா வேட்டி தேய்ச்சு மடிச்சு தயாரா கவர்ல இருக்கு. கொண்டு போக வண்டி இல்ல. துணி எடுக்குற வண்டி ரெண்டையும் அன்னைக்கு கார் கழுவுற மிஷினை ஏத்திட்டு ஒயிட்ஃபீல்டுக்கு அனுப்பிட்டாங்க, ஏன்னா மேல இருக்குறவங்க புதுச் சேவையோட எண்ணிக்கையைத்தான் தினம் கேட்டாங்க. நானே பைக்ல எடுத்துட்டுப் போனேன். போய்ச் சேர ராத்திரி பதினொண்ணு. அவர் ஒண்ணும் சொல்லல, தண்ணி குடுத்தார். ஆனா அதுக்கப்புறம் அவர் துணி அனுப்பல.

துவைக்கிறதுல நாங்க யாரும் சோம்பேறி ஆகல. துணியைப் பத்தி யோசிக்கிற ஆள் மேல யாரும் இல்லாமப் போச்சு, அவ்வளவுதான். 14 மாசத்துல கம்பெனியை மூடிட்டாங்க.

யாஹூல 2006ல ஒரு பெரிய அதிகாரியே உள்ளுக்குள்ள கடிதம் எழுதுனார்: ரொட்டியில வேர்க்கடலை வெண்ணெயைத் தடவுற மாதிரி எல்லா இடத்துலயும் மெல்லிசாப் பரவிட்டோம்னு. அது பத்திரிகையிலயே வந்துச்சு. செய்தி, மெயில், ஏலம், படம், அரட்டைன்னு அவங்ககிட்ட இல்லாததே இல்ல. 2000ல தேடுற வேலையை மட்டும் கூகுளுக்குக் குடுத்துட்டாங்க. 2008ல மைக்ரோசாஃப்ட் 4,460 கோடி டாலருக்குக் கேட்டப்ப குடுக்கல. 2017ல வெரைசனுக்கு வித்தது 448 கோடி டாலருக்கு.

பணம் போடுறவர் "பூ மட்டும்னா வேணாம்"னு சொன்னாரே, அந்த வார்த்தைதான் எனக்கு பயம் குடுக்குது. நாளைக்கு அவர் தினம் கேக்கப்போறது எந்த எண்ணிக்கையைன்னு இப்பவே சொல்லிட்டார்.

---

கீழமாசிவீதி
செவ்வாய், மதியம் 2:40

எல்லாரும் தோத்த கதையாச் சொல்றீங்க. அமேசானுக்கு என்ன பதில்? 1995ல புத்தகம் விக்க வந்தவன். புத்தகத்துக்கும் கம்ப்யூட்டர் வாடகைக்கு விடுறதுக்கும் என்ன சம்பந்தம்? 2023ல அந்தக் கம்பெனியோட செயல்பாட்டு லாபத்துல மூணுல ரெண்டு பங்கு அந்த வாடகைத் தொழில்ல வந்ததுன்னு என் மகன் காட்டுனான். வேரைச் சுத்தித்தான் போகணும்னு ஒரு விதி இருந்தா அமேசான் அதுக்குள்ள அடங்கல.

---

வடபழஞ்சி_கோடர்
செவ்வாய், இரவு 10:20

நல்ல கேள்விண்ணே. இதை நானும் ரொம்ப யோசிச்சிருக்கேன்.

விக்கிற பொருளை வச்சுப் பாத்தா சம்பந்தமே இல்ல, ஒத்துக்குறேன். ஆனா கடையை நடத்த அவங்களுக்கே ஆயிரக்கணக்குல சர்வர் வேணும். தீபாவளிக் கூட்டம் மாதிரி டிசம்பர்ல அவங்களுக்குக் கூட்டம் வரும், அதைத் தாங்கணும். ஒவ்வொரு குழுவும் சேமிப்பிடம், டேட்டாபேஸ்னு அதே வேலையைத் திரும்பத் திரும்ப செஞ்சு அலுத்துப்போய்தான், யார் கேட்டாலும் ஒரே மாதிரி எடுத்துக் குடுக்குற முறையை உள்ளுக்குள்ள கட்டுனாங்க. வருஷக்கணக்கா தன் வலிக்குத் தானே மருந்து அரைச்சாங்க. 2006 மார்ச்ல எஸ்3ங்கிற சேமிப்பிடம், ஆகஸ்ட்ல இசி2ங்கிற வாடகைக் கம்ப்யூட்டர்னு அதை வெளியாளுக்குத் திறந்து விட்டாங்க. அதே அமேசான் 2014ல ஃபோன் விக்க வந்து, அந்த வருஷமே 17 கோடி டாலரை நஷ்டமா எழுதுச்சு. ஃபோன்ல அவங்களுக்குன்னு ஒரு வலியும் இருந்ததில்ல.

ஈபேங்கிற ஆன்லைன் ஏலக் கம்பெனியில இது இன்னும் நல்லாத் தெரியும், ஒரே கம்பெனி ரெண்டு விதமாவும் செஞ்சதால. ஈபேல வாங்கி விக்கிறவங்க ஏற்கனவே பேபால்லதான் காசு அனுப்பிட்டு இருந்தாங்க. 2002ல 150 கோடி டாலர் குடுத்து அதை வாங்குனாங்க, பிச்சுக்கிட்டுப் போச்சு. 2005ல 260 கோடி டாலருக்கு, இன்டர்நெட் வழியா பேச வைக்கிற ஸ்கைப்பை வாங்குனாங்க, ஏலம் கேக்குறவங்க ஃபோன்ல பேசிக்குவாங்கன்னு நினைச்சு. யாரும் பேசல. ரெண்டே வருஷத்துல சுமார் 140 கோடி டாலரைக் கணக்குல கழிச்சாங்க.

மல்லிப்பெட்டி, மச்சான்கிட்ட ஒண்ணு கேளுங்க. உங்க சொந்தக் கஷ்டத்துக்காக நீங்களே உருவாக்கி, இப்ப ஊர்ல யாரைவிடவும் நல்லா செய்யிற வேலை எது?

---

மல்லிப்பெட்டி
புதன், காலை 5:10

மார்க்கெட்ல லோடு இறங்கக் காத்திருக்கேன், அதான் இந்நேரத்துல எழுதுறேன். எல்லாரோடதையும் ரெண்டு தடவை படிச்சேன்.

ஒரு விஷயத்தை முதல்ல சொல்லாம விட்டுட்டேன். போன மாசம் மச்சானுக்காக ஒரு சோதனை பண்ணுனோம். வெள்ளிக்கிழமை பூஜைப் பெட்டி: கால் கிலோ மல்லி, ஒரு சீப்பு வாழைப்பழம், வெத்தலை, பாக்கு, சூடம். சென்னைக்கு 40 பெட்டி. பூ வழக்கம்போல மொக்குதான், உசிலம்பட்டி பக்கம் வர்ற நல்ல கல்லு மாதிரி மொக்கு. ஐஸும் அதே அளவு, அதே பஸ்.

விடிஞ்சதும் ஃபோன் மேல ஃபோன். ஒரு அம்மா வீடியோ கால்ல பெட்டியைத் திறந்து காட்டுனாங்க. மேல இருந்த பூ எல்லாம் விரிஞ்சு, ஓரம் காபி கலர்ல சிவந்து கிடக்கு. பழத்தை ஒட்டி இருந்த பக்கம் இன்னும் மோசம், இதழைத் தொட்டா கையில ஈரமா ஒட்டுது. அந்தம்மா நாலு வருஷமா எங்ககிட்ட வாங்குறவங்க. "ஏன்ப்பா, பழைய பூவை வச்சுட்டீங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டாங்க. முந்தின நாள் விடியக்காலம் 4 மணிக்கு நானே கையால அள்ளி வச்ச பூ அது. எனக்குப் பேச்சே வரல. 40 பேருக்கும் காசைத் திருப்பிக் குடுத்தோம்.

அதே பஸ்ல போன வெறும் பூப் பெட்டிக்கு ஒரு புகார்கூட வரல. மச்சான் "ஐஸ் பத்தல, அடுத்த தடவை சரியாயிரும்"ங்கிறார். எனக்குக் காரணம் பிடிபடல.

---

தாவர_வாத்தியார்
புதன், காலை 8:00

ஐஸ் காரணமில்லை. வாழைப்பழம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். மாங்காய் மூட்டத்துக்குள்ளே பழுப்பதும் அதே வாயுவால்தான். மல்லிகை மொக்குக்கு அது மூப்பைக் கொடுக்கும். சீக்கிரம் விரியும், நிறம் மாறும், உதிரும். மூடிய தெர்மாகோல் பெட்டியில் வாயு வெளியேற வழியில்லை, ராத்திரி முழுக்க பூ அதிலேயே கிடந்திருக்கிறது. இன்னும் ஐஸ் வைத்தால் கொஞ்சம் தாமதமாகுமே தவிர நிற்காது.

வெற்றிலை இலைதானே, பழம் அளவுக்குத் தொல்லை தராது. இருந்தாலும் தனியாக வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. மார்கழிப் பஞ்சத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். செடியின் கிளைகளை வெட்டிவிடும் கவாத்துத் தேதியை வயலுக்கு வயல் தள்ளி வைத்தால் பூப்பும் தள்ளித் தள்ளி வரும். உங்களுக்குப் பூ தரும் விவசாயிகள் எல்லோரும் ஒரே வாரத்தில் கவாத்து செய்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்களா?

---

கீழமாசிவீதி
புதன், காலை 9:25

வாத்தியார் சொன்னதை வச்சே சொல்றேன். தப்பு பழம் வித்தது இல்ல, ஒரே பெட்டியில அடைச்சது. எங்க கடையிலயும் சூடத்தையும் தேயிலையையும் பக்கத்துல வைக்க மாட்டோம், அதுக்காக ரெண்டுல ஒண்ணை விக்காம இருக்கமாட்டோம்.

---

அண்ணாநகர்_செவிலி
புதன், மாலை 7:45

இந்த விவாதத்துல அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இன்னும் வரலையேன்னு ஆச்சரியமா இருக்கு. இணைய கம்பெனி இல்லதான். ஆனா கேள்வி அதேதான்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையில ஓய்வு வாங்கிட்டு 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது. பேர் வந்தாச்சு, கூட்டம் வந்தாச்சு, நம்பிக்கை வந்தாச்சு. எந்த முதலாளியா இருந்தாலும் அடுத்து இதயம், கிட்னி, பிரசவம்னு போயிருப்பாங்க. அவங்க போகல. கண்புரை ஆபரேஷன்ல உள்ள வைக்கிற லென்ஸ் வெளிநாட்டுல இருந்து 100 டாலர் அளவுல வந்துச்சு. ஏழைக்கு அதை வைக்க முடியாம, ஆபரேஷனுக்கு அப்புறம் சோடாபுட்டிக் கண்ணாடிதான். 1992ல ஆரோலேப்னு ஆரம்பிச்சு லென்ஸை இங்கயே செஞ்சாங்க. விலை சுமார் 10 டாலருக்கு இறங்குச்சு. அப்புறம் தையல் நூல், சொட்டு மருந்து. இன்னைக்கு நூறு நாட்டுக்கு மேல போகுது.

ஆஸ்பத்திரி நடத்துறவங்க தொழிற்சாலை நடத்துறது வேற தொழில் இல்லையான்னு கேட்டா, வேற தொழில்தான். கீழமாசி அண்ணன் சொல்றது அங்கயும் நடந்திருக்கு. ஆனா அவங்க கிளை விட்டது பக்கத்துத் தெருவுல என்ன விக்கலாம்னு பாத்து இல்ல. படுக்கையில இருக்குற நோயாளிக்கு எது இல்லாம வேலை நிக்குதுன்னு பாத்து. தம்பி, உங்க பெட்டிக்கு எது இல்லாம வேலை நிக்குது? எனக்கென்னமோ பூக் கட்டுற பொம்பளைங்க பக்கமும், வயல் பக்கமும் நீங்க பாக்கணும்னு தோணுது. பலசரக்குப் பக்கம் இல்ல.

---

சுங்குடி_அக்கா
புதன், இரவு 11:30

கடைசியில யாரோ கட்டுறவங்களைப் பத்திக் கேட்டாங்க.

நான் ஆறு வருஷமா சுங்குடிச் சேலையை இன்ஸ்டாகிராம்ல விக்கிறேன். துணியில கையால முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்துன அசல் சுங்குடி. ரெண்டு வருஷம் முன்னாடி நானும் இதே ஆசையில குர்தி, நைட்டி, கவரிங் நகைன்னு இறங்குனேன். வித்துச்சு, விக்காம இல்ல. ஆனா குர்திக்கு சைஸ் மாத்திக் குடுக்குறதுலயே என் பொழுது போச்சு. முடிச்சுப் போடுற வீடுகளுக்கு வாரம் ரெண்டு தடவை போறவ, மாசம் ஒரு தடவைகூடப் போகல. போய்ப் பாத்தப்ப எனக்கு முடிச்சுப் போட்ட மூணு பேர் வேலையை விட்டுட்டாங்க. ஒருத்தி ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போயிட்டா. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு விழணும். அந்தக் கையை மறுபடி உருவாக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. குர்தியில வந்த லாபத்தைவிட அது பெரிய இழப்பு. சரக்கு தீந்தா வாங்கிக்கலாம், கை போனா எங்க வாங்குறது?

மல்லிப்பெட்டி தம்பி, 11 பேர்னு சொன்னப்ப "கட்டுற அக்காமாரைச் சேர்க்காம"ன்னு எழுதுனீங்க. அவங்களுக்கு முழத்துக்கு இவ்வளவுன்னுதானே கூலி? மார்கழியில பூ குறைஞ்சா உங்களுக்கு லாபம் குறையும். அவங்களுக்கு அடுப்பு எரியாது. தொழிலைப் பெருக்குறதைப் பத்திப் பேசுறப்ப அவங்களையும் சேர்த்துப் பேசுங்க.

---

ஓசூர்ரோடு
வியாழன், காலை 9:00

அக்கா சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்ல.

---

மல்லிப்பெட்டி
சனி, இரவு 8:15

ரெண்டு நாள் முகூர்த்தம், அதான் வர முடியல. இழையை மச்சானுக்கு முழுசாப் படிக்கக் குடுத்தேன். நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து பேசுனோம்.

பலசரக்கும் மண்டபமும் வேணாம்னு முடிவாச்சு. பணம் போட வந்தவருக்கு நான்தான் ஃபோன் பண்ணி வேணாம்னு சொன்னேன். மச்சானுக்கு வருத்தம்தான், மறைக்கல. அவருக்கு சோழவந்தான் வெத்தலையில ஒரு நம்பிக்கை இருக்கு. அதுக்கு 2023ல புவிசார் குறியீடும் வந்திருக்கு, எங்க வாடிக்கையாளர்ல பாதிப் பேர் அதையும் கேக்குறாங்க. தனிப் பெட்டி, தனி நாள், தனிக் கணக்கு நோட்டு. பூ பேக் பண்றவங்க ஒருத்தரையும் அவர் தொடக்கூடாது. பங்குனி வரைக்கும் அவர் சொந்தக் காசுல பாக்கட்டும்னு பேசியிருக்கோம். ஓடுனா பாப்போம். கீழமாசி அண்ணே, நீங்க சொன்ன பயம் எனக்கு இன்னும் இருக்கு, அதான் கதவை ஒரேயடியா சாத்தல.

கோடர் கேட்ட கேள்விக்கு: நாங்க நல்லா செய்யிறது பெட்டிதான். எந்த பஸ்ல டிக்கியில எந்தப் பக்கம் வச்சா இஞ்சின் சூடு படாதுன்னு எங்க பையன் ஒருத்தனுக்கு மனப்பாடம். நிலக்கோட்டையில ரோஜா அனுப்புற ரெண்டு பேர் ஏற்கனவே எங்க பெட்டியில அனுப்பித் தரச் சொல்லி கேட்டிருக்காங்க. இத்தனை நாள் அதைத் தொந்தரவா நினைச்சேன். இனி காசு வாங்கிட்டுச் செய்யலாம்னு இருக்கேன்.

வங்கி அய்யா, வைப்புநிதி போடல. இந்த மாசத்துல இருந்து போடுறேன். வாத்தியாரே, கவாத்து பத்தி நாலு விவசாயிகிட்ட கேட்டேன், நாலு பேரும் ஒரே பத்து நாளுக்குள்ளதான் செய்யிறாங்க. ரெண்டு பேர் தள்ளி வச்சுப் பாக்க சம்மதிச்சிருக்காங்க, விளைச்சல் குறைஞ்சா வித்தியாசத்தை நாங்க தரணும்னு பேச்சு.

சுங்குடி அக்கா, நீங்க கேட்டதுக்குத்தான் என்கிட்ட இன்னும் பதில் இல்ல. எங்களுக்கு 23 பேர் கட்டுறாங்க. மார்கழியில அதுல பாதிப் பேருக்குக்கூட வேலை இருக்காது. அந்த ரெண்டு மாசத்துக்கு என்ன செய்யலாம்?

---

சுங்குடி_அக்கா
சனி, இரவு 9:02

தம்பி, பூக் கட்டுற விரல் நாரை இழுத்து முடியப் பழகுன விரல். எனக்கு முடிச்சுப் போட ஆள் பத்தல. கத்துக்க நாள் ஆகும், எல்லாருக்கும் வராது, முதல் மாசம் கூலி கம்மியாத்தான் இருக்கும், அதை அவங்ககிட்ட முதல்லயே சொல்லிடுங்க. விருப்பப்படுறவங்க நாலு பேரை செவ்வாய்க்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு எங்க வீட்டுக்கு அனுப்புங்க. பூ வேலை முடிஞ்சு, சாப்பிட்டுட்டு வரட்டும். துணியும் நூலும் நான் வச்சிருக்கேன். நகத்தை மட்டும் ஒட்ட வெட்டாம வரச் சொல்லுங்க, துணியைக் கிள்ளிப் பிடிக்க அது வேணும்.